கேவலம் என்று நான் எழுதிய நாள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு சொல்லைப் பற்றியது, என்னுடைய ஒரு பிழையைப் பற்றியது. நேரம் இருப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

போன தவணை, தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு "எனது ஊர்" என்று ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். முப்பத்திநாலு கொப்பிகள். வீட்டில் சின்னவனுக்குக் காய்ச்சல். அன்றிரவு கரண்டும் இல்லை. போன் வெளிச்சத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் பிறகு ஒரு கொப்பி கைக்கு வந்தது. ஓரங்கள் ஈரத்தில் ஊறிக் காய்ந்து சுருண்டிருந்தன. எழுத்து கோட்டில் நிற்கவில்லை. "ல"வா "வ"வா என்று தெரியவில்லை. இரண்டு வரி பார்த்தேன். அதற்கு மேல் பொறுமை இல்லை. சிவப்புப் பேனாவால், "கேவலமான எழுத்து. திரும்ப எழுதவும்" என்று எழுதி ஒப்பமும் வைத்துவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளையின் உம்மா பாடசாலைக்கு வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலோடு நின்றார். உள்ளே வரச் சொன்னேன். கதிரையில் இருக்கவும் மறுத்துவிட்டார்.

"டீச்சர், நீங்க படிச்ச ஆக்கள். எனக்கு ஒண்டு மட்டும் விளங்கல்ல. கேவலம் எண்டு எழுதியிருக்கிறீங்களே, அது இவன்ட எழுத்தையா, இல்லாட்டி இவனையா?"

"எழுத்தைத்தான் உம்மா" என்றேன்.

"அப்ப சரி. இவன் ரெண்டு நாளா சாப்புடுறானில்ல. வாப்பாக்குக் காட்ட வேணாமெண்டு கொப்பிய அரிசி வாளிக்குள்ள ஒளிச்சி வெச்சிருந்தான். அதான் கேட்டுட்டுப் போவமெண்டு வந்தன்."

அவ்வளவுதான். ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொப்பி என் மேசையில் இருந்தது. அன்று பின்னேரம்தான் அந்தக் கட்டுரையை நான் முதன்முறையாக வாசித்தேன். அதில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். பத்து வருடங்களுக்கு மேலாகக் கருத்து, ஒத்தகருத்து, எதிர்க்கருத்து என்று கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். ஆனால் அந்த உம்மாவின் கேள்விக்குப் பிறகுதான் இந்தச் சொல்லை நான் எத்தனை தரம் யோசிக்காமல் பாவித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். கேவலமான எழுத்து, கேவலமான பழக்கம், கேவலமாய்ப் போச்சு. கோபம் கூடினால் "கேவலங்கெட்ட புள்ள." மானங்கெட்டவன் என்றால் மானம் போனவன். அப்படியென்றால் கேவலங்கெட்டவன் கேவலம் போனவன் அல்லவா? அது நல்லதுதானே! நாங்கள் சொல்லும் சொல்லை நாங்களே கவனிப்பதில்லை என்பதற்கு இது போதும்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த விரிவுரையாளர் ஒருநாள் இந்தச் சொல்லை எடுத்து விளக்கினார். அந்த நேரம் பரீட்சைக்கு வராது என்று நான் குறிப்புக்கூட எடுக்கவில்லை. இப்போது ஞாபகம் வருகிறது. கேவலம் வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் அடிப்படைக் கருத்து "தனியே", "மட்டும்". வேறெதுவும் கலக்காதது என்றும் பொருள். சமண சமயத்தில் கேவல ஞானம் என்றால் முழுமையான அறிவு, மகாவீரர் அடைந்ததாக அவர்கள் சொல்லும் ஆக உயர்ந்த நிலை. சைவ சித்தாந்தத்திலோ கேவல நிலை என்பது உயிர் ஆணவ இருளில் ஒன்றும் அறியாமல் கிடக்கிற நிலை. ஒரே சொல் ஒரு சமயத்தாருக்கு உச்சம், இன்னொரு சமயத்தாருக்கு ஆக அடி. நாங்களும் "கேவலம் நூறு ரூபாய்க்காக" என்று சொல்லும்போது "வெறும் நூறு ரூபாய்" என்ற பழைய கருத்தில்தான் சொல்கிறோம். "வெறும்" என்பதிலிருந்து "பெறுமதி இல்லாத" என்பதற்கும், அதிலிருந்து "வெட்கக்கேடான" என்பதற்கும் அந்தச் சொல் படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது.

இப்படி இறங்கிய சொற்கள் தமிழில் நிறைய. நாற்றம் என்றால் பழைய நூல்களில் வாசனை. பூவின் நாற்றம் என்று எழுதினார்கள். இன்று யாராவது ஒரு மணப்பெண்ணிடம் "உங்கட மாலை நல்லா நாறுது" என்று சொல்லிப் பார்க்கட்டும்! "இழிதல்" என்றாலும் முன்பு இறங்குதல்தான். மலையிலிருந்து அருவி இழியும். அதில் அருவிக்கு ஒரு வெட்கமும் இல்லை. திருக்குறளில் மானம் என்ற அதிகாரத்தில், தலையிலிருந்து விழுந்த மயிருக்கும் தன் நிலையிலிருந்து விழுந்த மனிதனுக்கும் வள்ளுவர் இந்த ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறார். அங்கே இறக்கமும் அவமானமும் ஒரு சொல்லுக்குள் சேர்ந்துவிடுகின்றன. "மட்டம்" இன்னும் வேடிக்கை. மேசன்மார் சுவர் நேராக இருக்கிறதா என்று மட்டம் வைத்துத்தான் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் மட்டம். ஆனால் ஒரு மனிதனை மட்டமான ஆள் என்றால் கதை வேறு.

எங்கள் கல்வித் துறையில் இதைவிடப் பெரிய சிக்கல் "தரம்" என்ற சொல். வகுப்பும் தரம், பண்டத்தின் உயர்வு தாழ்வும் தரம். தரம் ஒன்றில் சேர்கிறார்கள், தரம் ஐந்தில் புலமைப்பரிசில் எழுதுகிறார்கள், பிறகு சாதாரண தரம், அதன்பின் உயர்தரம். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளை "நான் சாதாரணத்துக்கும் கீழ" என்று ஒருநாள் என்னிடம் பகிடியாகச் சொன்னது. நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. கரையில் கடலட்டையையும் நண்டையும் கொம்பனிக்காரர் தரம் பிரித்து விலை வைப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள். தரம் குறைந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபர் கடைசியில் எனக்கு இரண்டு வயது. வடக்கு முஸ்லிம்கள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் அறிவித்த அந்த நாட்களில், மன்னார்த் தீவுக்குள் இருந்த எங்கள் சனம் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபத்தையாயிரம் பேரளவில் என்று சொல்வார்கள். நான் உம்மாவின் மடியில் இருந்தேனாம். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. என் ஞாபகம் தொடங்குவது புத்தளம் பக்கத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில்.

அங்கே பாடசாலையில் இலவசப் பொருட்கள் வரும்போது ஒரு ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்று, "அகதிப் புள்ளைகள் எல்லாம் எழும்புங்க" என்பார். அவர் நல்ல மனிதர். எங்களுக்குப் பென்சில் கிடைக்க வேண்டும் என்றுதான் சொன்னார். நாங்கள் எழும்புவோம். இருந்த பிள்ளைகள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். பென்சில் கிடைக்கும். இடைவேளையில் அதே சொல் வேறு குரலில் திரும்பி வரும். "ஏய் அகதி." காலையில் பதிவேட்டுச் சொல், பத்தரைக்கு ஏச்சு. நான்காம் வகுப்பில் நான் எழும்புவதை நிறுத்திவிட்டேன். பென்சில் இல்லாமல் இருந்தேன். வாப்பாவிடம் ஏச்சு வாங்கினேன்.

"அகதி" என்றால் கதி இல்லாதவர், போக்கிடம் அற்றவர். வாப்பாவுக்கு அந்தச் சொல் பிடிக்காது. "கதி அல்லாஹ். அப்ப எப்புடி நம்மள கதியில்லாதவன் எண்டு சொல்றது?" என்பார். ஆனாலும் நிவாரண அட்டையைப் பத்திரமாகப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். சோறு வேண்டும் அல்லவா?

அக்கரையிலும் இதே கதைதான். எங்கள் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போனவர்கள் மண்டபத்தில் முகாம்களில் வாழ்ந்தார்கள். 2021 ஓகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவற்றை இனி அகதிகள் முகாம் என்று அழைக்காமல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அழைக்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர்ப்பலகை மாறினால் மட்டும் குடியுரிமை கிடைத்துவிடாது என்பது உண்மை. ஆனால் நான்காம் வகுப்பில் எழும்ப மறுத்த ஒருத்திக்கு அந்தச் செய்தியை வாசித்தபோது கண் கலங்கியது என்பதும் உண்மை.

அரசாங்கக் கடிதங்களில் எங்களை "இடம்பெயர்ந்தோர்" என்பார்கள். அகதியைவிட மரியாதையான சொல். ஆனால் நான் தன்வினை, பிறவினை படிப்பிக்கிற ஆசிரியை. "பெயர்ந்தோர்" என்றால் தாங்களாகப் பெயர்ந்தவர்கள். நாங்கள் பெயரவில்லை, பெயர்க்கப்பட்டோம். அதனால்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் "வெளியேற்றம்" என்றே சொல்கிறார்கள். இந்தச் சின்ன இலக்கண வேறுபாட்டில் ஒரு நீதி இருக்கிறது. தாழ்ந்தவர் என்பதற்கும் தாழ்த்தப்பட்டவர் என்பதற்கும் உள்ள வேறுபாடும் அதுதான். முதலாவது சொல் அந்த மனிதரைக் காட்டுகிறது. இரண்டாவது, இதைச் செய்தது யார் என்று கேட்க வைக்கிறது.

இதை எழுதும்போது ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டுத் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு, வருவீர்கள் என்று சொல்லிக் கண்ணீரோடு அனுப்பியதும் ஒரு தமிழ்க் குடும்பம்தான். உம்மா அவர்களின் பெயரைச் சொல்லாமல் ஒரு பெருநாளையும் கழித்ததில்லை. ஒரு சொல்லால் ஒரு சமூகத்தையே அளக்கக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அவமானத்தைத் தின்று வளர்ந்தவர்கள் இன்னொருவருக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. நாங்களும் கொடுக்கிறோம். தாராளமாகக் கொடுக்கிறோம்.

உதாரணத்துக்கு எங்கள் பேச்சு. "எண்டு", "ஊட்ட", "வெச்சி" என்று பேசுகிற பிள்ளையிடம், "இது என்ன கேவலமான பேச்சு, ஒழுங்காக் கதை" என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இலக்கண நூல்காரர் "இழிசனர் வழக்கு" என்று ஒரு பெயர் வைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சை அப்படியே கதையில் எழுதிய ஈழத்து எழுத்தாளர்களைப் பார்த்து, இது இழிசனர் இலக்கியம் என்று மரபு பேசியவர்கள் எள்ளினார்கள். அதைக் கேட்டு அவர்கள் பேனாவை வைத்துவிடவில்லை. கே. டானியல் 1972இல் "பஞ்சமர்" நாவலைக் கொண்டுவந்தார். சலூனில் தொழில் செய்த டொமினிக் ஜீவா 1966இல் "மல்லிகை"யைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். இன்று பல்கலைக்கழகங்களில் அவர்களை ஆய்வு செய்கிறார்கள். யார் இழிவு என்று சொன்னார்களோ அவர்களின் பெயர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு கழுதை. மன்னாரில் பிறந்த யாருக்கு இந்தப் பட்டம் கிடைக்கவில்லை? வெளி மாவட்டத்துக்குப் பயிற்சிக்குப் போனால், "மன்னாரா? கழுதை ஊரா?" என்பார்கள். கோபம் வரும். ஊருக்கு வந்ததும் அதே சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அரபு வணிகர்கள் சுமை தூக்கக் கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் அந்தப் பிராணிகள் இன்று வேலையில்லாமல் தெருவில் கடதாசி தின்கின்றன. வேலை வாங்கிய நாளில் யாரும் கேவலம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி மார்க்கத்தின் பக்கம். நான் ஆலிமா இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், பிழையென்றால் உலமாக்கள் திருத்துங்கள். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டாம் என்று சூரா ஹுஜுராத்தின் பதினோராவது வசனம் தடுக்கிறது. பரிகசிக்கப்படுகிறவர்கள் பரிகசிப்பவர்களைவிட மேலானவர்களாக இருக்கலாம் என்றும், பெண்களைத் தனியாகக் குறிப்பிட்டும் அங்கே சொல்லப்படுகிறது. ஆதமின் மக்களைக் கண்ணியப்படுத்தியதாக சூரா இஸ்ரா சொல்கிறது. அந்தக் கண்ணியம் நல்ல கையெழுத்து உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல.

அதேநேரம் தாழ்வது எல்லாம் கேவலமும் இல்லை. பெற்றோரிடம் பணிவின் இறக்கையைத் தாழ்த்தச் சொல்கிறது குர்ஆன். லுக்மான் தன் மகனுக்குக் குரலைத் தாழ்த்தச் சொல்லி, குரல்களில் வெறுப்பானது கழுதையின் குரல் என்கிறார். (அந்தக் குரல் எப்படி என்று உலகத்துக்கு விளக்கம் வேண்டுமானால் இரவு இரண்டு மணிக்கு மன்னார் வரட்டும்.) அடியான் தன் இரட்சகனுக்கு ஆக நெருக்கமாக இருப்பது ஸுஜூதில் என்று ஹதீஸில் வருகிறது. நெற்றி நிலத்தில் படுகிற அந்த நிலையைவிடத் தாழ்வான நிலை உடம்புக்கு வேறு இல்லை. ஒருவர் தானாகத் தாழ்ந்தால் அது பணிவு. இன்னொருவர் பிடித்துத் தாழ்த்தினால் அதுதான் கேவலப்படுத்துவது. இதிலும் தன்வினை, பிறவினைதான்.

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். எழுதியது கொப்பியில், அதைப் பார்த்தவர்கள் பக்கத்து வாங்குப் பிள்ளைகள். ஆகவே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் கணக்குத் தீராது. "நான் எழுதின சொல் பிழை. எழுத்து விளங்கல்ல எண்டுதான் எழுதியிருக்க வேணும்" என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பின் வாங்கில் ஒருவன் சிரித்தான். அந்தப் பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை.

ஓய்வறையில் ஒரு மூத்த ஆசிரியை, "இப்புடிப் புள்ளைகள்ட மன்னிப்புக் கேட்டா நம்மட தரம் என்னாகிறது?" என்று கேட்டார். என்னைவிட அனுபவம் உள்ளவர், என்மேல் அன்பும் உள்ளவர். அவருக்கு அன்று பதில் சொல்லவில்லை. அவரும் இதை வாசிப்பார் என்று தெரியும். என் பதில் இதுதான்: லாத்தா, அந்தப் பிள்ளையின் உம்மா என் மேசைக்கு முன்னால் நின்றபோதே என் தரம் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டதில் கொஞ்சம் திரும்பி வந்தது.

சரி, கட்டுரையில் என்ன இருந்தது?

ஊர் திரும்பிய கதை இருந்தது. யுத்தம் முடிந்து அவனுடைய மூத்தாப்பா காணியைத் தேடி வந்தபோது வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகளையும் கழற்றியிருந்தார்கள். எது யாருடைய காணி என்று தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. மூத்தாப்பா ஒரு கிணற்றைத் தேடிப் பிடித்தாராம். கட்டுச் சுவரில் அவர் வாப்பா கையால் பதித்த ஒரு சிப்பி இருந்ததாம். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான் நம்மட ஊடு" என்று சொல்லி அந்த இடத்திலேயே இரண்டு ரக்அத் தொழுதாராம். கடைசி வரியில் அவன் எழுதியிருந்தான்: வீடு உடைந்தாலும் கிணறு உடையாது, ஏனென்றால் கிணறு கீழே இருக்கிறது.

பதின்மூன்று வயதுப் பிள்ளை. இரவில் வாப்பாவோடு வாடியில் வலைக்குக் காவல் இருக்கும்போது, மடியில் கொப்பியை வைத்து டோர்ச் வெளிச்சத்தில் எழுதியது. கொப்பி நனைந்ததும் எழுத்துக் கோட்டை விட்டதும் அதனால்தான். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

என் சிவப்பு எழுத்தை வெட்டிவிட்டு, "கருத்து மிக நன்று. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதப் பழகவும். கிணற்றைப் பற்றி இன்னும் எழுது" என்று பச்சைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். வெட்டினாலும் பழைய சொல் அடியில் தெரிகிறது. கொப்பியை மாற்றித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு அவன் இன்னும் சரியாகக் கதைப்பதில்லை. எழுத்தும் பெரிதாக மாறிவிடவில்லை. கிணற்றைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்து, நான் இல்லாத நேரம் பார்த்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

பெற்றோரிடமும் என் சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை செய்த வேலை சரியில்லை என்றால் என்ன சரியில்லை என்று சொல்லுங்கள். எழுத்து விளங்கவில்லை, கணக்கில் இரண்டாவது படி பிழை, அறை கூட்டவில்லை. திருத்தக்கூடியதைச் சொன்னால் பிள்ளை திருத்தும். கேவலம் என்பதில் திருத்த ஒன்றும் இல்லை. அதைப் பிள்ளை அரிசி வாளிக்குள் ஒளித்துத்தான் வைக்கும்.

உங்கள் சிறு வயதில் யாராவது சொன்ன ஒரு சொல் இன்னும் உங்களுக்குள் கிடக்கிறதா? விருப்பமென்றால் கீழே எழுதுங்கள். சொன்னவரின் பெயர் வேண்டாம், சொல் மட்டும் போதும்.

எனக்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.